கால் திருப்பு

வண்டிக்குப் பின்னால் ஆயிரத்து ஐந்நூறு லிட்டர்.
முன்னால் நான்.
ஹாரன் அழுதால்
கீழக்கரையின் கடலோரப் பின்தெருவில்
குடங்கள் ஓடிவரும்,
அவற்றைப் பிடித்துக்கொண்டு ஆட்களும்.

ஐ.டி.ஐ. ஃபிட்டர், பரமக்குடி, எழுபத்தெட்டு சதவீதம்.
அந்தத் தாளை லேமினேட் செய்ய முப்பது ரூபாய்.
மூன்று குடம்.
இப்போதெல்லாம் எனக்கு எதுவும் குடத்தில்தான் கணக்கு.
செருப்பு இருபத்திரண்டு குடம்.
தங்கச்சிக்குப் பரீட்சைப் பணம் பதினேழு.
சபுர் அனுப்ப ஏஜெண்ட் கேட்பது எட்டாயிரம் குடம்;
அவ்வளவு இருந்தால்
தெருவே தலைக்கு ஊற்றிக்கொள்ளும்.

முதலாளி காசிம் மரைக்கா ஒரு மீட்டர் தந்திருக்கிறார்.
பேனா மாதிரி இருக்கும், நனைத்தால் எண் சொல்லும்.
வண்டித் தண்ணீர் நூற்று நாற்பது.
எங்கள் அடிபம்பு நாலாயிரத்து அறுநூறு.
கடலில் விட்டுப் பார்த்தேன் ஒருநாள்.
எண் வரவில்லை, வெறும் கோடுகள்,
"போடா, வேற வேலையப் பாரு" என்பதுபோல.

அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்
மூன்று வருஷமாய்.

பின்தெருவில் ஆறு பேருக்கு
சிறுநீரகத்தில் கல்.
வீடு கட்டத்தான் கல் இல்லை.
முத்திருளாயி அக்கா கதவில் கரிக்கோடு கிழிப்பாள்,
கோடு ஒன்று, கடன் குடம் ஒன்று.
கச்சான் வீசும் மாதங்களில்
உப்புக் காற்று பாதியை அழித்துவிடும்.
அவள் மறுபடி கிழிப்பாள்,
ஒன்றுகூடக் குறையாமல்.

காவிரி எங்கள் ஊருக்கு வந்துவிட்டது.
குழாயாக வந்தது, நீலமாக வந்தது,
வாசலுக்கு வாசல் முழங்கால் உயரம் நின்றது.
பிள்ளைகள் அதில் ஆட்டைக் கட்டுகிறார்கள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
சிமெண்ட் மூடி உடைந்த தொட்டிக்குள்
எட்டிப் பார்த்தது நான் மட்டும்தானா, தெரியாது.
படித்தவன் கண்ணுக்குத்தானே அது வால்வு,
மற்றவர்களுக்குக் குப்பைக்குள் ஒரு துரு.
பால் வால்வு. கால் திருப்பில் திறக்கும்.
பரீட்சையில் இரண்டு மார்க் கேள்வி.
பின்தெருப் பக்கம் போவது மட்டும் குறுக்கே நின்றது.

குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது என்று அர்த்தம்.
நெடுக நின்றால் என் சம்பளம் போச்சு என்று அர்த்தம்.

பதினொரு நாள் அந்த வழியாக வண்டி ஓட்டவில்லை.
சுற்றிப் போனேன், டீசல் அதிகம்,
மரைக்கா திட்டினார்.

பன்னிரண்டாம் நாள், சுபுஹு பாங்குக்கு முன்னால்,
குழாயைப் போட்டு நீட்டிய ஸ்பேனர்,
கொஞ்சம் தேங்காய் எண்ணெய்,
ஒரு கெட்ட வார்த்தை.
திரும்பியது.

குழாய்கள் முதலில் இருமின.
செம்மண் துப்பின.
அப்புறம் வந்தது.
ஆட்டுக்குட்டி பயந்து கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.
நான் மீட்டரை நனைத்தேன். இருநூற்றுப் பத்து.
யாரிடமும் சொல்லவில்லை, எண்ணைக்கூட.

நான்கு நாள் ஹாரன் அழுதது.
ஒரு குடம் வரவில்லை.
"ரிழ்வான், சாவியக் குடுத்துட்டுப் போ.
தேவைன்னா கூப்பிடுறேன்."

ஐந்தாம் நாள் கூப்பிட்டார்.
தொட்டிக்குப் புது மூடி, மூடிக்குப் பூட்டு,
பூட்டுக்கு இன்னும் விலைச்சீட்டு ஒட்டியிருந்தது.

முத்திருளாயி அக்கா முதல் குடத்தை நீட்டினாள்.
என் நகக்கண்ணில் கிரீஸ்.
பார்த்தாள்.
ஒன்றும் கேட்காமல்
பத்து ரூபாய் நாணயத்தை
அந்த விரல்களிலேயே வைத்து மூடினாள்.
கதவில் கோடு இல்லை அன்றைக்கு.

இப்போது நகராட்சியில் ஓர் இடம்.
வால்வு திறப்பவர், தற்காலிகம், தினக்கூலி.
விண்ணப்பம் வாங்க இருநூறு பேர் வரிசை,
இஞ்சினியரிங் படித்தவர்கள் நிழலில் நிற்கிறார்கள்,
முன்னாலேயே வந்துவிட்டார்கள்.
முன் அனுபவம் என்ற கட்டத்தில்
தண்ணீர் வண்டி, மூன்று வருஷம் என்று எழுதினேன்.
இன்னும் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது.
பேனா இரவல் கேட்டவனுக்கு
அவசரமாம்,
கொடுத்துவிட்டேன்.